டோரோ நதிக்கரையிலே ஒரு நாள்

துறைமுகத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நாடு ஒன்று உண்டு. ஐரோப்பாவின் மேற்கு ஓரத்திலே, அத்திலாந்திக் பெருங்கடலை நோக்கியபடி கிடக்கும் போர்த்துக்கலே அது. டோரோ என்னும் நதி கடலோடு கலக்கும் இடத்திலே உரோமர் காலத்தில் போர்த்துஸ் காலே என்றொரு துறை இருந்தது. அத்துறையின் பெயர் நாளடைவில் நாடு முழுவதற்கும் ஆயிற்று. துறையும் வளர்ந்து நகரமாகிப் போர்த்தோ என்னும் பெயரோடு இன்றும் விளங்குகின்றது. போர்த்தோ என்றால் அவர்கள் மொழியில் துறைமுகம் என்பதே பொருள். அங்கிருந்து கப்பலேறி உலகமெங்கும் சென்ற முந்திரிகை மதுவுக்கும் அப்பெயரே நிலைத்து, அது 'போர்ட்' என வழங்குகின்றது.

போர்த்துக்கேயர் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பாடப்புத்தகம். 1505 ஆம் ஆண்டில் அவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினார்கள். 1658 இல் ஒல்லாந்தரிடம் யாழ்ப்பாணத்தை இழந்து போனார்கள். இம்மூன்று ஆண்டுகளையும் மனனம் செய்யாத மாணவர் நம்மிடையே அரியர். ஆனால் அவர்கள் எத்தகைய நாட்டிலிருந்து வந்தார்கள், அந்நாட்டு மக்கள் எவ்விதம் உழைத்து உண்டு வாழ்கிறார்கள் என்று கேட்டவர் மிகச் சிலரே. அதனை நேரிற் காணும் வாய்ப்பு இலையுதிர் காலத்து நாளொன்றில் நமக்குக் கிட்டியது.

நாம் நால்வர் சென்றிருந்தோம். நம்மோடு வந்தவருள் ஒருவர் மருத்துவர். மற்றவர் இலண்டனிலே கணக்காளராக இருப்பவர். மூன்றாமவர் யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்ற பெரியவர். அவரிடம் படியாத நாமும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைப்பது வழக்கம். காலையில் நகரைச் சுற்றிப் பார்ப்பது, பிற்பகலில் ஆற்றைக் கடந்து அக்கரையிலுள்ள மதுக் கிடங்கொன்றிலே சுவை பார்ப்பது, இடையில் எதற்கும் அவசரப்படாதிருப்பது, இவ்வளவே அன்றைய திட்டம்.

மாஸ்டரோ வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாதவர். "நான் ஊரைப் பார்க்க வருகிறேன். மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, நல்லூரை இடித்தவர்களுடைய நாட்டிலே நின்றுகொண்டு எல்லாவற்றையும் அழகு, அழகு என்று சொல்லும்படி மட்டும் என்னைக் கேட்க வேண்டாம்" என்று புறப்படும்போதே சொல்லிவிட்டார். அவருக்கு மறுமொழி கூற எவருக்கும் வாய் எழவில்லை.

மதுவைப் பற்றிய பேச்சு குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் பக்கத்துக்கு ஏற்குமோ என்று வாசகர் சிலர் ஐயுறக்கூடும். அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு பொருள் எவ்வாறு உண்டாகிறது, அதை உண்டாக்குவோர் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதே நாம் சொல்லப் புகுந்தது. மருத்துவ நண்பரும் பக்கத்திலேயே இருந்தார்!

நீல ஓடுகள் சொல்லும் கதை

போர்த்தோவைப் பார்க்கத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் சான் பெந்தோ புகையிரத நிலையம். முன்னொரு காலத்தில் பெண் துறவிகளின் மடம் இருந்த இடத்தில் எழுந்த இந்நிலையம் 1916 இல் திறக்கப்பட்டது. அதன் முன்மண்டபச் சுவர்களிலே, வெண்மையின்மேல் நீலத்தால் தீட்டப்பெற்ற ஏறத்தாழ 20,000 பீங்கான் ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஜோர்ஜ் கொலாசோ என்னும் ஓவியர் செய்த வேலை அது. பயணப் பெட்டியோடு ஓடுகிறவரும், வண்டியைத் தவறவிட்டு நிற்கிறவரும், நம்மைப்போல் அண்ணாந்து பார்க்கிறவருமாக மண்டபம் நிறைந்திருந்தது.

பெரிய ஓவியமொன்று 1415 ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவிலுள்ள செயுத்தா நகரைப் போர்த்துக்கேயர் வென்றதைக் காட்டுகின்றது. வெற்றி வீரராக நிற்பவர் இளவரசர் ஹென்றி. கடலோடிகளை ஊக்கி, ஆபிரிக்கக் கரையோரமாகக் கப்பல்களைத் தெற்கே அனுப்பியவர் என்று சரித்திரப் புத்தகங்கள் புகழும் அதே ஹென்றி. மாஸ்டர் அதன் முன்னே நெடுநேரம் நின்றார். பிறகு, "தம்பி, இந்தப் படத்தினுடைய தொடர்ச்சி நல்லூரிலே இருக்கிறது" என்றார். அச்சொல்லிலே கோபம் இல்லை. பாடம் சொல்லும் தொனியே இருந்தது.

அரசரும் போரும் அல்லாத ஓவியங்களும் அம்மண்டபத்தில் உண்டு. முந்திரிகைக் குலை பறிக்கும் மக்கள், நீரால் ஓடும் மா அரைக்கும் ஆலை, ஆற்றிலே மது ஏற்றிச் செல்லும் படகு என நாட்டுப்புற வாழ்க்கையை அவை காட்டுகின்றன. செயுத்தாவின் முன் நின்றதிலும் கூடுதலான நேரம் மாஸ்டர் அவற்றின் முன் நின்றார். "அங்கே இருப்பவருக்குப் பெயர் உண்டு. இங்கே குலை பறிப்பவர் ஒருவருக்கும் பெயர் இல்லை. எங்கள் சரித்திரப் புத்தகமும் இப்படித்தான்" என்றார்.

ஆற்றங்கரை நோக்கி

நிலையத்திலிருந்து ஆற்றங்கரைக்குச் செல்லும் வழி முழுவதும் இறக்கம். நகரமே மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கின்றது. ஒடுங்கிய வீடுகள் தோளோடு தோள் உரசியபடி ஆற்றைப் பார்த்து நிற்கின்றன. மஞ்சளும் செம்மையும் நீலமுமாகச் சுவர்கள். இரும்புக் கம்பியிட்ட மேல்மாடங்கள். அவற்றில் உலரும் துணிகள். ஒரு வீட்டு யன்னலில் மூதாட்டி ஒருத்தி தெருவில் நின்ற மற்றொருத்தியோடு உரத்த குரலில் வழக்காடிக்கொண்டிருந்தாள். மொழி விளங்காவிடினும் விஷயம் விளங்கியது; மீன் விலை!

ரிபெய்ரா எனப்படும் ஆற்றங்கரைப் பகுதியை அடையுமுன் பழைய சுங்கச் சாலையொன்றைக் கண்டோம். பதினான்காம் நூற்றாண்டில் தோன்றிய அக்கட்டிடத்தில் இளவரசர் ஹென்றி 1394 இல் பிறந்தார் என்பது ஊர் வழக்கு. செயுத்தாவுக்குச் சென்ற கப்பற்படைக்கு இந்நகர மக்கள் தங்களிடமிருந்த இறைச்சியையெல்லாம் கொடுத்துவிட்டுக் குடலை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டார்களாம். அதனால் 'குடல் தின்பவர்' என்னும் பட்டப்பெயர் அவர்களுக்கு வந்ததென்றும், அதை அவர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள் என்றும் அறிந்தோம். இன்றும் குடற் கறி இவ்வூரின் புகழ்பெற்ற உணவு. கீழ்த்திசைக்குப் பின்னாளில் வந்த கப்பல்கள் புறப்பட்டது தலைநகராகிய லிஸ்பனிலிருந்தே. ஆயினும் அந்நெடும் பயணங்களின் தொடக்கத்திலே இந்நகருக்கும் பங்குண்டு.

ஆற்றங்கரைச் சுவரிலே வெண்கலத்தாலான சிற்பப் பலகையொன்று இருக்கின்றது. அதன் முன்னே மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. 1809 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29 ஆம் நாள், நெப்போலியனின் தளபதி சூல்ட் என்பவரின் படை நகருக்குள் புகுந்தது. உயிர் தப்ப எண்ணிய மக்கள் ஆற்றைக் கடக்க ஓடினார்கள். அன்று அங்கே கற்பாலம் இல்லை. படகுகளை வரிசையாகப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலமே இருந்தது. கூட்டத்தின் பாரம் தாங்காது அது முறிந்தது. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகப் பெருந்தொகையினர் டோரோவில் மாண்டனர். இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அவர்களுக்காகத் திரி ஏற்றுவோர் இருக்கிறார்கள்.

மாஸ்டர் இதனைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். படையெடுத்துச் சென்றவர்களின் சந்ததி, பின்னொரு நாள் படையெடுப்புக்கு அஞ்சி ஓடிய இடம் அது. ஓடுவது என்றால் என்ன என்பதை நம்மவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அவர் குனிந்து, அணைந்திருந்த திரியொன்றைப் பக்கத்துச் சுடரிலே காட்டி மீண்டும் ஏற்றி வைத்தார். ஏன் என்று நாம் கேட்கவில்லை.

மேசையும் கதிரையும்

மதிய உணவுக்கு ஆற்றோரச் சிறு கடையொன்றில் அமர்ந்தோம். உருளைக்கிழங்கை மசித்து, இலைக்கோவாவை நூல்போல் அரிந்து இட்ட பச்சை நிறக் கஞ்சி ஒன்று தந்தார்கள். உப்பிட்டு உலர்த்திய கொட் மீனும் வந்தது. கருவாட்டை அறிந்த நமக்கு அந்த வாசனை புதிதன்று. அதை ஊறவைத்து உப்பு நீக்கிப் பல விதமாகச் சமைப்பதில் இந்நாட்டவர் வல்லவர்கள்.

உணவிலும் சுவையாக இருந்தது வேறொன்று. பரிசாரகர் 'மேசா' என்று மேசையைக் காட்டினார். 'கடெய்ரா' என்று கதிரையை இழுத்துப் போட்டார். ரொட்டியை வைத்து, மூக்கால் ஒலித்து, 'பாவ்ங்' என்றார். நம் வீட்டுப் பாண்தான் அது! உடனே கணக்காளர் தம் கடதாசியை எடுத்து எழுதத் தொடங்கினார். யன்னல் அவர்களுடைய 'ஜனெலா'. அலுமாரி அவர்களுடையது. குசினி, சப்பாத்து, துவாய், லேஞ்சி, அலவாங்கு யாவும் அவர்கள் கப்பலில் வந்திறங்கியவை. நம் ஊரில் கள் விற்கும் தவறணைகூட அவர்களுடைய 'தவேர்னா'வே. சொல் ஒவ்வொன்றும் ஏற ஏற மாஸ்டரின் முகத்திலே ஒரு மாணவனுடைய குதூகலம் தோன்றியது. "கோட்டையைக் கட்டினவர்கள் போய்விட்டார்கள். கதிரையில் மட்டும் நாங்கள் இன்னும் இருக்கிறோம்" என்றார்.

இரும்புப் பாலமும் அக்கரையும்

உண்டபின் பாலத்தின் வழியே அக்கரை சென்றோம். முதலாம் லூயி மன்னர் பெயரால் வழங்கும் இவ்விரும்புப் பாலம் 1886 இல் திறக்கப்பட்டது. இதனை வகுத்தவர் தேயோபில் செய்ரிக் என்னும் பொறியியலாளர். பாரிஸ் கோபுரத்தால் புகழ்பெற்ற ஈபெல் என்பவரோடு முன்பு கூட்டாகத் தொழில் நடத்தியவர். 172 மீற்றர் அகலமுள்ள ஒற்றை வளைவு ஆற்றைத் தாண்டி நிற்கின்றது. வளைவின் மேலே ஒரு பாதை, கீழே ஒரு பாதை என இரண்டு தளங்கள். மேல் தளத்தில் நகர மின்சார வண்டியும் நடப்போரும் செல்கிறார்கள். கீழ்த் தளத்தில் நடந்து நாம் வில்லா நோவா டி காயா என்னும் எதிர்க்கரை ஊரை அடைந்தோம்.

கரையிலே 'ரபெலோ' என்னும் பழைய படகுகள் கட்டிக் கிடந்தன. தட்டையான அடி, ஒரே சதுரப் பாய், பின்புறத்திலே மரமளவு நீண்ட சுக்கான் துடுப்பு. இவைதாம் முற்காலத்தில் மேல்நாட்டு மலைகளிலிருந்து மதுவைச் சுமந்து வந்தவை. பாறையும் சுழியும் நிறைந்த அந்நாளைய டோரோவிலே எத்தனையோ படகோட்டிகள் மாண்டார்கள். அந்நதிக்குச் சிறந்த படம் வரைந்த ஜோசப் ஜேம்ஸ் பொரெஸ்டர் என்னும் ஆங்கில வணிகரும் 1861 இல் வலெய்ரா என்னும் சுழியிலேயே மூழ்கினார். அதே படகில் இருந்து தப்பியவர் அந்தோனியா பெரெய்ரா என்னும் அம்மையார். அகன்ற பாவாடை அவரை மிதக்கச் செய்தது என்பது ஊர்க் கதை. பின்னர் புகையிரதம் வந்தது. அதன்பின் நதியை அணைகள் தடுத்தன. 1960 களோடு ரபெலோவின் தொழில் முடிந்தது. இப்பொழுது அவை அழகுக்காகக் கட்டப்பட்டிருக்கின்றன; ஜூன் 24 ஆம் நாள் புனித யோவான் திருநாளிலே பந்தயமும் ஓடுகின்றன.

இருண்ட கிடங்கினுள்ளே

நாம் சென்ற கிடங்கு கருங்கற் சுவரும் ஓட்டுக் கூரையுமாய் நீண்டு கிடந்தது. வெளியே வெயில், உள்ளே தண்மை. மரமும் பழமும் ஈரமண்ணும் கலந்த ஒரு வாசனை. அதனை வருணிப்பது கடினம். பழைய வீட்டிலே நெல்லும் வெல்லமும் வைத்த அறையைத் திறந்தால் வரும் வாசனைக்கு அது தூரத்து உறவு எனலாம். இளம் பெண்ணொருத்தி நம்மை அழைத்துச் சென்று தெளிவான ஆங்கிலத்தில் விளக்கினாள்.

முந்திரிகை விளையும் இடம் இங்கன்று. ஆற்றின் வழியே கிழக்கே நெடுந்தூரம் சென்றால், மலைகளால் மழை மறைக்கப்பட்ட, கோடையில் தகிக்கும் பள்ளத்தாக்கு வரும். அங்கே மண் என்று சொல்லத்தக்கது அரிது. தகடு தகடாகப் பிளக்கும் ஒருவகைப் பாறையை உடைத்து, கல் அடுக்கிச் சுவரெழுப்பி, மலையைப் படிகளாக்கி, மனிதர் மண்ணைத் தாமே செய்தார்கள். கொடியின் வேர் பாறை வெடிப்புகளின் வழியே நீரைத் தேடி ஆழமாக இறங்குகின்றது. 1756 இல் பொம்பால் பிரபு என்னும் அமைச்சர் இந்நிலத்துக்கு எல்லை வகுத்து, கருங்கற் தூண்கள் நாட்டுவித்தார். இன்ன எல்லைக்குள் விளைந்தாலன்றி இன்ன பெயர் கூடாது என்று சட்டம் செய்த முன்னோடி நாடுகளுள் போர்த்துக்கலும் ஒன்று. ஆனால் வணிகம் முழுவதையும் ஒரு கம்பனியின் கையிற் கொடுத்ததனால், 1757 இல் போர்த்தோவின் தவறணைக்காரரும் எளிய மக்களும் கிளர்ந்தெழுந்தார்கள். பலர் தூக்கிலிடப்பட்டார்கள். வாய்க்கு இனிய பொருள்களின் பின்னே இத்தகைய கசப்புகள் உண்டு.

நூறாண்டுகளின் பின் வேறொரு துன்பம் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த, கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் பிலொக்சரா என்னும் பூச்சி, 1860 களிலிருந்து வேர்களை அரித்துத் தோட்டங்களை அழித்தது. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரிலே உள்ளூர்க் கொடியை ஒட்டியபோதுதான் விமோசனம் பிறந்தது. நோயும் அங்கிருந்தே, மருந்தும் அங்கிருந்தே. மீண்டும் நடப்படாத மலைப்படிகள் சில இன்றும் வெறுமையாய்க் கிடக்கின்றன. அவற்றை 'இறந்த தோட்டம்' என்னும் பொருள்படவே அழைக்கிறார்கள். மற்றவர் மனந்தளர்ந்த அக்காலத்தில் நிலம் வாங்கிக் கொடி நட்டவர், நாம் முன்னே சொன்ன அந்தோனியா அம்மையார். இளமையிலேயே கணவனை இழந்தும் தொழிலை நடத்திய அப்பெண்மணியை அந்நாட்டார் இன்றும் அன்போடு நினைக்கின்றனர்.

புரட்டாதி மாதமளவில் குலை பறிப்பு. பறித்த பழத்தைக் கருங்கல் தொட்டியிலிட்டு, மக்கள் தோளோடு தோள் கோத்து நின்று, தாளம் தவறாது காலால் மிதிக்கிறார்கள். இயந்திரம் வந்த பின்னும் உயர்ந்த வகைகளுக்கு இம்முறை அழியவில்லை. மனிதக் கால் விதையை நசுக்காது, தோலை மட்டும் பிழியும் என்பதே காரணம். சாறு இரண்டு மூன்று நாள் புளித்து, இனிப்புப் பாதியளவு இருக்கும்போதே, நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு என்ற அளவில் முந்திரிகை வடிசாராயத்தை ஊற்றுகிறார்கள். அந்தக் காரம் நொதியைக் கொன்றுவிடும். புளிப்பு நிற்கும், இனிப்பு தங்கும்.

இதைக் கேட்டதும் மாஸ்டர், "எங்கள் ஊரிலே முட்டிக்குச் சுண்ணாம்பு தடவுகிற வேலை" என்றார். பனையிலே கட்டும் முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பாளைநீர் புளியாது கருப்பநீராக இறங்கும், தடவாவிட்டால் கள்ளாகிவிடும். கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. பனை ஏறும் தொழிலாளி எந்தப் பள்ளிக்கூடத்திலும் படியாமல் அறிந்த இரகசியத்தை, உலகின் மறுகோடியில் மலை உழவனும் வேறொரு வழியால் கண்டிருக்கிறான். அப்பெண் இதை வியப்புடன் கேட்டாள். கருப்பநீரின் சுவை எப்படியிருக்கும் என்றும் வினவினாள்.

ஒரு சொல்லின் கதை

பின்னர் வரிசையாக அடுக்கியிருந்த பெரும் மரக்கலங்களுள் ஒன்றைத் தட்டி, "இது 550 லீற்றர் கொள்ளும். எங்கள் மொழியில் இதற்குப் பிப்பா என்று பெயர்" என்றாள்.

"பீப்பாய்!" என்றார் மாஸ்டர். அவர் குரல் கிடங்கு முழுவதும் எதிரொலித்தது. முன்னே சென்ற உல்லாசப் பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீருக்கும் தாருக்கும் எண்ணெய்க்கும் நாம் நாள்தோறும் சொல்லும் பீப்பாய், அந்த இருளிலே வரிசை வரிசையாய் நின்றது.

பெண் மகிழ்ந்து சிரித்தாள். "எங்கள் சொல் உங்களிடம் எப்படி வந்தது?" என்று கேட்டாள்.

அது கள்ளமற்ற கேள்வி. நாம் ஒருவரையொருவர் பார்த்தோம். விருந்தினராய் வந்த இடத்திலே பழைய புண்ணைக் காட்டுவதா, அல்லது ஏதோ கடல் வாணிபம் என்று சொல்லி நழுவுவதா? மாஸ்டர் நழுவவில்லை. வகுப்பறையிற் போல, நிதானமாகச் சொன்னார். "அம்மா, உங்கள் முன்னோர் 1619 இல் எங்கள் அரசைப் பிடித்தார்கள். எங்கள் அரசனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் எங்கள் ஊரின் பெரிய கோயிலைக் கல்லோடு கல்லாக இடித்தார்கள். பிறகு அவர்களும் துரத்தப்பட்டார்கள். போகும்போது சில சொற்களை விட்டுச் சென்றார்கள். அவற்றுள் ஒன்று இது."

அவள் முகத்திலிருந்து சிரிப்பு நீங்கியது. சற்று நேரம் பேசாது நின்றாள். "பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கடலோடிகளுடைய துணிவைப் படிப்பித்தார்கள். அவர்கள் போய் இறங்கிய ஊர்களில் நடந்ததை அவ்வளவாகப் படிப்பிக்கவில்லை. அந்தக் கோயில் இப்போது இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"இருக்கிறது. 1734 இல் மறுபடியும் கட்டினோம். திருவிழாவுக்கு நீ வர வேண்டும்" என்றார் மாஸ்டர்.

மன்னிப்பு என்ற சொல்லை அவளும் சொல்லவில்லை; அவரும் எதிர்பார்க்கவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு முந்திய பாதகத்துக்கு இருபது வயதுப் பெண் என்ன செய்வாள்? ஆனால் கோயிலின் பெயரைக் கேட்டு, எழுத்துக் கூட்டி, தன் கையடக்கத் தொலைபேசியிலே குறித்துக்கொண்டாள். அது போதுமானதாக நமக்குத் தோன்றியது.

மூன்று கோப்பைகள்

பின்பு சுவை பார்க்கும் மண்டபத்தில் அமர்ந்தோம். ஆளுக்கு மூன்று சிறு கண்ணாடிக் கோப்பைகள். பார்ப்பது, முகர்வது, சிறு துளியை நாவிலே நிறுத்துவது என்பதே முறை. அறிந்தவர்கள் சுவைத்ததை விழுங்காமல் பக்கத்துப் பாத்திரத்தில் உமிழ்ந்துவிடுவார்கள். அதிலே இழிவு எதுவும் இல்லை.

முதலாவது வெண்முந்திரிகையிலிருந்து எடுத்தது, குளிரவைத்துத் தரப்பட்டது, வாதுமையின் மணம். இரண்டாவது பெரிய தொட்டியிலே காற்றுப் படாது காக்கப்பட்ட செந்நிற வகை. நாவற்பழத்தை நினைவூட்டும் நிறமும் இனிப்பும். மூன்றாவது பீப்பாயிலே இருபது ஆண்டு கிடந்த வகை. மரத்தின் வழியே காற்று மெல்லப் புக, செந்நிறம் வெளிறித் தேனின் நிறமாகியிருந்தது. உலர்ந்த அத்திப்பழமும் வறுத்த கொட்டையும் கலந்த சுவை. பீப்பாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்கு ஆவியாகிப் போய்விடும். அதனைத் தேவதூதரின் பங்கு என்பார்கள். இன்று நிரப்புகிறவன் நாற்பதாம் ஆண்டுக் கோப்பையைத் தான் காண்போமென்று உறுதியாகச் சொல்ல முடியாது. பனை நடுபவனும் அப்படித்தானே!

மருத்துவ நண்பர் தம் கடமையை மறக்கவில்லை. "சாதாரண முந்திரிகை மதுவிலும் இதிலே காரம் அதிகம், 20 வீதமளவு. மருந்தென்று பெயர் சொல்லி எவரும் குடிக்க வேண்டாம். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குத் தீங்கற்றது என்று சொல்வதற்கில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் தெளிவாகவே கூறியிருக்கிறது" என்றார். சொல்லிவிட்டுத் தம் மூன்றாம் கோப்பையைப் பாதியிலே வைத்துவிட்டார். கணக்காளர் மட்டும் அந்த மீதியை நட்டக் கணக்கில் எழுத மனமின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டருக்கு அப்பெண் புளிக்காத முந்திரிகைச் சாறு கொண்டுவந்து வைத்தாள். அவர் இருபதாண்டுக் கோப்பையை எடுத்து முகர்ந்து பார்த்தார். தலையை அசைத்து இறக்கி வைத்தார். பிறகு சாற்றை நிறைவோடு பருகினார். "நல்ல வாசனை. இதைச் செய்தவன் நல்ல வேலைக்காரன்" என்றார். அன்று காலையிலிருந்து அவர் அந்நாட்டைப் பற்றிச் சொன்ன முதற் புகழ்ச்சி அது. அது அரசருக்கன்று; ஓட்டுச் சித்திரத்திலே பெயரில்லாது நின்ற அந்த உழவனுக்கு.

மாலை

ஆற்றங்கரையிலிருந்து கம்பியிலே தொங்கிச் செல்லும் கூண்டில் ஏறிப் பாலத்தின் மேல் தளத்தை அடைந்தோம். பக்கத்துக் குன்றின்மேல் வட்ட வடிவான கோயிலோடு கூடிய பழைய மடம் ஒன்று நிற்கின்றது. அங்கிருந்து பார்த்தால் நகரம் முழுவதும் கண்ணுக்குள் அடங்கும். சூரியன் அத்திலாந்திக்கை நோக்கி இறங்க, எதிர்க்கரை வீடுகளின் யன்னல்கள் ஒவ்வொன்றாகப் பொன்னாயின. இளைஞர் கூட்டமொன்று புற்றரையில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அழகாகத்தான் இருக்கிறது" என்றார். நாம் எவரும் சிரிக்கவில்லை.

ஒருவரை வெறுத்துக்கொண்டு அவருடைய ஊரைப் பார்ப்பது எளிது. எல்லாவற்றையும் மறந்து பார்ப்பதும் எளிது. நினைவையும் மரியாதையையும் ஒருங்கே கொண்டு செல்வதே கடினம். நடந்ததை நடந்தவாறு சொல்லி, அதன்பின் அவர்கள் தந்த பாணையும் மறுக்காது உண்ணலாம் என்பதை அன்று ஒரு பழைய ஆசிரியரிடம் நாம் கண்டோம்.

போர்த்தோ செல்லும் வாய்ப்புடைய அன்பர்கள் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ற நல்ல சப்பாத்து அணிந்து செல்வார்களாக. கோடையின் நெரிசலைத் தவிர்த்து, குலை பறிப்புக் காலத்தையொட்டிச் செல்வது நன்று. கிடங்குகளுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு தூரம் செல்ல இயலாத மாணவர்களுக்கு வீட்டிலேயே ஒரு பயணம் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை கடதாசியும் பேனாவும் எடுத்துக்கொண்டு, முன்யன்னலில் தொடங்கிக் குசினி வரையில் நடந்து, கப்பலேறி வந்த சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கிணற்றடியிலே பீப்பாய் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.